பிள்ளைக்குக் கொம்பியூட்டர்: மலிவாய்க் கிடைக்கும் யானையை வாங்கலாமா?



ஹெவ்லொக் டவுனில் ஒரு மாடி வீடு. அஸர் தொழுதுவிட்டு நீங்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உயர்தரம் படிக்கும் மகன் கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு வந்து நிற்கிறான்.

"உம்மா, பம்பலப்பிட்டியில விசாரிச்சிட்டு வந்தேன். புதுசு வாங்கினா ஆறு கோர்தான். அதே காசுக்கு, அதுக்கும் குறையவே, பதினாலு கோர் உள்ள சேர்வர் புரொசெசர் போட்டுத் தாராங்களாம். ரேமும் கூட. கூட்டாளிமார் எல்லாரும் இதத்தான் எடுக்கச் சொல்றாங்க."

கடையிலிருந்து களைத்து வந்த வாப்பா, "உம்மாட்ட கேளு மகன்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை விரிக்கிறார். மூத்த மகள் ஒன்றும் பேசாமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.

கையில் இருப்பது மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். அது ஒரு முறைதான் வரும். ஒரு கொம்பியூட்டர்தான் வாங்கலாம். தவறாக வாங்கினால் இன்னும் மூன்று நான்கு வருடம் அதோடுதான் காலந்தள்ள வேண்டும். ஆறா, பதினான்கா? பள்ளிக்கூடக் கணக்கில் பதினான்குதான் பெரிது. வீட்டுக் கணக்கிலும் அப்படித்தானா? வாருங்கள், பார்ப்போம்.

சமையற்காரர் கணக்கு

புரொசெசர் என்பதைக் கொம்பியூட்டரின் சமையற்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் இடும் ஒவ்வொரு கட்டளையும் அங்கேதான் சமைக்கப்பட்டு வெளியே வருகிறது. அதிலுள்ள ஒவ்வொரு கோரும் ஒரு சமையற்காரர்.

கலியாண வீட்டில் 50 சஹன் புரியாணி வேண்டும். ஒரு சஹனில் ஆறு பேர் என்றால் 300 பேர் சாப்பாடு. பதினான்கு சமையற்காரர்கள் வந்தால் ஒருவர் இறைச்சி வெட்டுவார், ஒருவர் வெங்காயம் உரிப்பார், ஒருவர் அடுப்பைப் பார்ப்பார். வேலை மளமளவென்று நடக்கும். அவர்கள் கொஞ்சம் நிதானமானவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் பலம் இருக்கிறது.

ஆனால் இரவுக்கு நாலு ரொட்டி சுட்டு ஒரு முட்டை பொரிக்கவும் பதினான்கு பேரை அழைப்பீர்களா? ஒருவர் சுடுவார், மற்றப் பதின்மூன்று பேரும் கைகட்டி நிற்பார்கள். அந்த ஒருவர் நிதானக்காரராக இருந்தால் முட்டையும் தாமதமாகத்தான் வரும்!

நம் வீடுகளில் கொம்பியூட்டர் செய்யும் வேலை பெரும்பாலும் இந்த முட்டை பொரிக்கும் வேலைதான். பாடக்குறிப்பு தட்டச்சு செய்வது, இணையத்தில் தேடுவது, ஸூம் வகுப்பு, படங்களைத் திருத்துவது, ஏன், பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுகளிற் பெரும்பாலானவையும்கூட ஓரிரு கோர்களின் வேகத்தையே நம்பியிருக்கின்றன. பதினான்கு கோர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கக்கூடிய வேலைகள் வேறு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

இந்த யானை எங்கிருந்து வந்தது?

இன்டெல் கம்பனி 1998ஆம் ஆண்டு முதல் 'ஸீயோன்' என்ற பெயரில் சேர்வர்களுக்கென்றே தனியான புரொசெசர்களைச் செய்து வருகிறது. சேர்வர் என்பது வங்கிகளிலும் பெரிய இணையக் கம்பனிகளிலும் இரவு பகலாக ஓடும் இயந்திரம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்வது அதன் தொழில். அதனால்தான் அதற்கு நிறையச் சமையற்காரர்கள் வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஸீயோன் ஈ5-2680 வி4' என்ற புரொசெசர் 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. 14 கோர்கள். அன்று இன்டெல் குறித்த விலை 1,745 அமெரிக்க டொலர். வீட்டுக்கு யாரும் வாங்க நினைக்காத விலை! ஆனால் பெரிய கம்பனிகள் ஐந்து ஆறு வருடங்களில் பழைய சேர்வர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டிவிடும். கழற்றியவை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. 1,745 டொலருக்கு விற்ற அதே பொருள் இன்று சில பத்து டொலருக்குக் கிடைக்கிறது.

புரொசெசர் மட்டும் இருந்தால் போதாது, அதைப் பூட்ட மதர்போட் வேண்டுமல்லவா? சீனாவிலுள்ள சிறிய தயாரிப்பாளர்கள் இந்தப் பழைய ஸீயோன்களுக்கென்றே மலிவான மதர்போட்களைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். பெட்டி புதிது, போட்டும் புதிது போலத்தான் இருக்கும். ஆனால் இவற்றிற் பலவற்றில் உள்ளேயிருக்கும் முக்கியமான சில்லு, பழைய போட்களிலிருந்து கழற்றி மறுபடி பற்றவைத்தது.

நம் நாட்டில் இந்த மலிவுக்கு ஏன் இவ்வளவு கவர்ச்சி என்பதும் விளங்காததல்ல. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலருக்கு 200 ரூபாவைச் சுற்றி நின்ற விலை, மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியும் கைக்கெட்டாத உயரத்துக்குப் போனது. போதாக்குறைக்கு 2025இன் கடைசி மாதங்களில் உலகம் முழுவதும் ரேம் விலையும் ஏறியது. பாவித்த பொருளைத் தேடுவது கேவலமுமில்லை, முட்டாள்தனமுமில்லை. எதைப் பாவித்ததாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

இனி மகன் "ஆறு கோர்தான்" என்று உதட்டைப் பிதுக்கிய அந்தப் புதுப் புரொசெசரைப் பாருங்கள். 'கோர் ஐ5-12400' என்பது 2022 ஜனவரியில் வந்தது. வீட்டுப் பாவனைக்கென்றே செய்தது. இன்டெல் குறித்த விலை 192 டொலர்.

ஸீயோனின் கோர் ஒன்று ஆகக்கூடிய வேகத்தில் 3.3 கிகாஹேர்ட்ஸ் ஓடும். ஐ5இன் கோர் 4.4 வரை ஓடும். இத்தோடு முடிந்துவிடவில்லை. புதிய புரொசெசர் ஒவ்வொரு துடிப்பிலும் பழையதைவிடக் கூடுதலான வேலையை முடிக்கிறது. ஆகவே கோருக்குக் கோர் ஒப்பிட்டால் ஐ5இன் வேகம் பழைய ஸீயோனின் வேகத்தைப் போல இரு மடங்கை நெருங்குகிறது.

சரி, பதினான்கு பேரும் சேர்ந்து உழைத்தால்? அப்போதும் கூட, எல்லாக் கோர்களையும் ஓடவிட்டுச் செய்யும் பொதுவான சோதனைகளில் இந்த ஆறும் அந்தப் பதினான்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பதினான்கு நிதானக்காரர்கள் செய்வதை ஆறு சுறுசுறுப்பானவர்கள் செய்துவிடுகிறார்கள். ஆறு வருடம் என்பது இந்தத் தொழிலில் ஒரு தலைமுறைக்கும் மேலல்லவா?

ஆக, மகன் கையிலிருக்கும் கடதாசியில் உள்ள பதினான்கு என்ற எண் பொய்யல்ல. ஆனால் அது நம் கேள்விக்கான பதிலுமல்ல.

கடதாசியில் எழுதாத செலவுகள்

"யானையை வாங்கினால் போதுமா, தீனி யார் போடுவது?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தத் தீனிக் கணக்குத்தான் கடைக்காரர் எழுதித் தராத கணக்கு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, படம் காட்டும் வசதி. ஐ5-12400இன் உள்ளேயே திரையில் படம் காட்டும் பகுதியும் இருக்கிறது. திரையைக் கொழுவினால் வேலை செய்யும். அந்த ஸீயோனில் அது இல்லை. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கியே ஆகவேண்டும். மலிவுக்காக மிகப் பழைய கார்ட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் அதுவும் ஒரு தலைவலி. இங்கே ஒரு எச்சரிக்கை: புதிய புரொசெசர்களிலும் 'ஐ5-12400எஃப்' என்று பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி இல்லை. சில ரூபாய் குறைவு என்று அதை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது, விண்டோஸ். நம்மில் அநேகர் பாவித்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் வகையில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் அங்கீகரிக்கப்பட்டவை. 2016ஆம் ஆண்டு ஸீயோன் அந்தப் பட்டியலில் இல்லை. "நாங்கள் எப்படியும் போட்டுத் தருவோம்" என்று கடையில் சொல்வார்கள். போடலாம், உண்மைதான். ஆனால் கதவால் வராமல் யன்னலால் ஏறி வந்தது போன்ற நிலை அது. அடுத்த பெரிய புதுப்பிப்பில் என்ன ஆகும் என்பதற்குப் பொறுப்புச் சொல்ல யாருமில்லை. வங்கிக் கணக்கைப் பார்க்கும் இயந்திரத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். லினக்ஸ் பாவிக்கத் தெரிந்த பிள்ளையானால் இந்தப் பிரச்சினை இல்லை. அது இலவசம், பழைய ஸீயோனில் நன்றாகவே ஓடும்.

மூன்றாவது, ரேம். "ரேமும் கூட" என்றானே மகன், அது சேர்வர் ரேம். மலிவாகக் கிடைப்பதன் காரணமும் அதுதான். அதைச் சாதாரண வீட்டு மதர்போட்டில் போட முடியாது. நாளை மதர்போட் பழுதானால் புரொசெசர், ரேம் எல்லாமே அதே வகைப் போட்டைத் தேடிக் காத்திருக்க வேண்டும். சாதாரண ரேம் என்றால் இன்னொரு வீட்டுக் கொம்பியூட்டருக்கு மாற்றலாம், வேண்டாமென்றால் விற்கலாம்.

நான்காவது, உத்தரவாதம். பெட்டியோடு வரும் புதிய புரொசெசருக்கு இன்டெல் மூன்று வருட உத்தரவாதம் தருகிறது. பல வருடம் சேர்வரில் உழைத்துவிட்டு வந்ததற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம். புரொசெசர் இலேசில் பழுதாகாது என்பது உண்மை. பழுதாவது பெரும்பாலும் அந்த மலிவு மதர்போட்டும், மலிவு பவர் சப்ளையும்.

கரண்ட் பில்லைக் கையில் எடுங்கள்

ஐந்தாவதுதான் பெரிய தீனி: மின்சாரம்.

2022 ஆகஸ்ட்டில் நம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியதையும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியதையும் எந்த இல்லத்தரசியும் மறந்திருக்கமாட்டாள். அதன் பிறகு குறைத்ததும் உண்டு, கூட்டியதும் உண்டு. ஆனால் பழைய பில்லை நாம் மறுபடி காணவில்லை.

இனி ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. ஸீயோனுக்கு இன்டெல் குறித்திருக்கும் மின்வலு 120 வொட். ஐ5க்கு 65 வொட். ஐ5உம் வேலை கடுமையாகும்போது சிறிது நேரம் 117 வரை போகும். ஆனால் சாதாரண வேலையில் மிகக் குறைவாகவே குடிக்கும். ஸீயோன் பெட்டியோ சும்மா இருக்கும்போதும் கூடுதலாகக் குடிக்கும். தனிக் கிராபிக்ஸ் கார்ட்டின் பங்கும் அதோடு சேரும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் 60 வொட் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 480. முப்பது நாளுக்கு 14,400. ஆயிரம் வொட் மணித்தியாலம் ஓர் அலகு, நாம் யூனிட் என்று சொல்வது. ஆக மாதத்துக்கு 14.4 அலகு. வருடத்துக்கு ஏறக்குறைய 173 அலகு.

173 அலகு என்பது நடுத்தரமான எத்தனையோ வீடுகளின் ஒரு மாதப் பாவனை! அதாவது வருடத்துக்குப் பன்னிரண்டு பில் கட்டுகிற வீடு பதின்மூன்று பில் கட்டுகிறது. மூன்று வருடம் பாவித்தால் மூன்று மாதப் பில். கடையில் மிச்சம் பிடித்த பணத்தில் எவ்வளவு இப்படி வடிந்து போகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அதற்கு மேலுள்ள அலகுகளின் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். உங்கள் வீடு மாதம் 170 அலகில் நின்றால் இந்தப் பதினான்கு அலகு உங்களை 180ஐத் தாண்டவைத்துவிடும். ஆகவே கடைக்குப் போகுமுன் கடைசி மூன்று மாத பில்லை எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. கடைக்காரருக்கும் தெரியாது, மகனின் கூட்டாளிமாருக்கும் தெரியாது.

குடிக்கும் மின்சாரமெல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளிவருகிறது. கொழும்பின் புழுக்கத்தில், யன்னல் ஒன்று மட்டுமுள்ள சிறிய அறையில் பிள்ளைகள் இருவர் படிக்கும்போது அந்தச் சூடும் அவர்களோடு இருக்கும். பிறகு மின்விசிறி போதாது என்பார்கள், ஏசி கேட்பார்கள்.

மின்வெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டதையும் பார்த்தோம். யூ.பி.எஸ். ஒன்று வைக்காமல் முடியாது. பெட்டி குறைவாகக் குடித்தால் அதே யூ.பி.எஸ். கூடுதல் நிமிடங்கள் தாங்கும். எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்து நிறுத்த அந்த நிமிடங்கள்தான் தேவை.

யானை வேண்டிய வீடும் உண்டு

இவ்வளவும் சொன்னதால் ஸீயோன் வாங்குபவர்களெல்லாம் ஏமாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். கலியாண வீட்டுக்குப் பதினான்கு சமையற்காரர் தேவைதானே!

பிள்ளை நெட்வேர்க் துறையோ சேர்வர் நிர்வாகமோ படிக்கிறான் என்று வையுங்கள். ஒரே பெட்டிக்குள் ஆறேழு கற்பனைக் கொம்பியூட்டர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்றோடொன்று இணைத்துப் பழக வேண்டும். அதற்கு ரேம் நிறைய வேண்டும், கோர்களும் நிறைய வேண்டும், ஒவ்வொரு கோரின் வேகம் அவ்வளவு முக்கியமில்லை. மலிவாக நிறைய ரேம் கிடைக்கும் பழைய ஸீயோன் அவனுக்கு நல்ல பள்ளிக்கூடம். அதுபோல முப்பரிமாணப் படங்களை இரவு முழுவதும் வரையவிட்டுக் காலையில் எடுப்பவர்களுக்கும் அது உதவும். இப்படிப்பட்ட பிள்ளை பெரும்பாலும் லினக்ஸையும் அறிந்திருப்பான், போட்டைக் கழற்றிப் பூட்டவும் அறிந்திருப்பான். வீட்டில் வேறு ஒரு கொம்பியூட்டரும் இருந்தால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடம் படிக்க இது தேவையில்லை. அந்தப் பாடத்தில் வரும் பைதன் மொழியையும் தரவுத்தளப் பயிற்சியையும் எந்தச் சாதாரணப் புரொசெசரும் புன்னகையோடு செய்யும். விளையாட்டுக்கும் தேவையில்லை. பிள்ளைகள் விரும்பும் வெலோரன்ட் விளையாட்டு, விண்டோஸ் 11இல் ஓட வேண்டுமானால் பாதுகாப்புக்கான தனிச் சில்லு வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. அது இந்த மலிவு மதர்போட்களில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. இதை மகனிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் பத்து முறை "வேண்டாம்" என்பதைவிட இந்த ஒரு வார்த்தை வேலை செய்யும்!

மூன்றாவது வழி

"புது ஐ5க்கும் கையில் காசு போதாதே, என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, அதே தலைமுறையில் 'கோர் ஐ3-12100' என்ற தம்பி. நாலு கோர்தான். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் அண்ணனுடையதற்கு ஏறக்குறையச் சமம். இன்டெல் குறித்த விலை 122 டொலர். படிப்பு, ஸூம், தட்டச்சு, சிறிய படத்திருத்தம் எல்லாவற்றுக்கும் போதும். பிறகு கையில் பணம் வரும்போது, அதே மதர்போட்டில் இதைக் கழற்றிவிட்டு ஐ5ஐப் பூட்டலாம்.

மற்றது, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துத் துப்புரவாக்கி வரும் கம்பனிப் பெட்டிகள். இங்கே ஒரே ஒரு விதி: எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். உதாரணத்துக்கு 2018இல் வந்த 'ஐ5-8500'இல் ஆறு கோர், உள்ளேயே படம் காட்டும் வசதி, 65 வொட். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இருக்கிறது. பாவித்தது வாங்குவதானால் இதுவல்லவா வாங்க வேண்டியது! இதுவும் பழசுதான். ஆனால் வீட்டுக்கென்று பிறந்த பழசு.

கடையில் என்ன கேட்பது?

பம்பலப்பிட்டியில் காலி வீதியில் இறங்கினால் யுனிட்டி பிளாஸா. கொம்பியூட்டர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மூன்று கடையில் கேளுங்கள். மகனை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். தெரியாதவள் என்று வெட்கப்பட வேண்டாம். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள்தானே நாம்!

புரொசெசர், மதர்போட், ரேம், பவர் சப்ளை ஒவ்வொன்றின் பெயரையும் இலக்கத்தையும் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "14 கோர் பெட்டி" என்று மொத்தமாக எழுதியதை ஏற்காதீர்கள். எது புதிது, எது பாவித்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிக்கச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். கிராபிக்ஸ் கார்ட் விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். பாவித்த பெட்டியானால் அங்கேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, ஒரு படத்தைப் போட்டுப் பார்த்து, எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கவனியுங்கள். பவர் சப்ளையில் மட்டும் மலிவு தேடாதீர்கள். அது கெட்டால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் திருத்தித் தருவதா மாற்றித் தருவதா என்பது பில்லில் எழுதப்பட வேண்டும். பில் இல்லாமல் ஒரு திருகாணியும் வாங்காதீர்கள். சொன்னது ஒன்று, தந்தது ஒன்று என்றானால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அப்போதும் கையில் பில் இருந்தால்தான் பேச்சு.

கோப்பை கழுவும் பிள்ளையிடம் கேட்டீர்களா?

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் இன்னும் கடதாசியோடு நிற்கிறான்.

அவனைத் திட்டாதீர்கள். வெயிலில் அலைந்து விலை விசாரித்து வந்த பிள்ளை. அவனுக்கு ஆசை மட்டுமல்ல, அக்கறையும் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை அவன் கையில் கொடுங்கள். நடுவே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம், இந்தக் கொம்பியூட்டரில் இந்த வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்யப் போகிறோம், நாளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதட்டும். வலப்பக்கம், ஒவ்வொரு பெட்டிக்கும் வாங்கும் விலை, கிராபிக்ஸ் கார்ட், யூ.பி.எஸ்., மூன்று வருடக் கரண்ட் என்று எழுதிக் கூட்டட்டும். கூட்டல் அவன் கையாலேயே நடக்கட்டும். விடையும் அவன் வாயாலேயே வரட்டும்.

இடப்பக்கம் எழுதும்போது உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் மகளையும் அழையுங்கள். அவளிடம் யாராவது கேட்டோமா? கைத்தொலைபேசியின் சிறிய திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸூம் வகுப்பில் படிக்கிறவள் அவள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதற்கான குறிப்புகளைக் கையால் எழுதிப் பிரதி எடுக்கிறவள். கேக் ஓடர் எடுக்கவும், அபாயா டிசைன் வரையவும் ஆசை வைத்திருப்பவளாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறாள். மகனின் ஆசைக்குக் கொம்பியூட்டர், மகளின் தேவைக்குத் தொலைபேசி என்று நம் வீடுகளில் எத்தனை முறை நடந்திருக்கிறது! அவளுடைய வேலைகளையும் அந்தத் தாளில் எழுதுங்கள். யாருக்கு எந்த நேரம் என்பதையும் அன்றே எழுதி, பெட்டிக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

அந்தப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். கலியாண வீட்டுச் சமையல் எத்தனை, முட்டைப் பொரியல் எத்தனை என்று தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் விடை ஆறு கோராகவோ, நாலு கோராகவோதான் இருக்கும். உங்கள் வீட்டில் பதினான்கு என்று வந்தாலும் பயப்படாதீர்கள். தீனிக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறீர்கள் அல்லவா?

தேநீர் ஆறிவிடப் போகிறது. மகளையும் அழைத்து உட்காரவைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.